அறுபதாம் நம்பர் வலை

ஆறாம் மைல் கடைக்காரர் சங்கம் மாரீஸ்வரிக்கு அந்தத் தகர ஷெட்டைக் கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தது: மோட்டார் சைக்கிளுக்கு ஆயில் மாற்றலாம், பஞ்சர் ஒட்டலாம், எஞ்சினைத் திறக்கக் கூடாது. திறக்கக் கூடாதாம்! ஆயில் மாற்றுகிறவள் எஞ்சினைத் திறக்காமல் அதற்கு ஆரத்தி எடுத்துக்கொண்டா நிற்பாள்? சங்கத் தலைவர் சகாயம் சொல்லி முடிக்கும்வரை அவள் தலையை ஆட்டவும் இல்லை, மறுத்துப் பேசவும் இல்லை. சாவியை வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, வந்த முதல் வண்டியின் வலது பக்க மூடியைக் கழற்றிவிட்டாள்.

அது நடந்து ஐந்து வருஷமாகிறது. மாரீஸ்வரிக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது. அதற்கு முன் பதினாறு வருஷம் மூணாறுப் பக்கத்து ஃபேக்டரி ஒன்றில் தேயிலைத்தூள் சலிக்கும் ரூமில் வேலை பார்த்தவள். அங்கே உலர்ந்து வரும் தூளை ஆட்டி ஆட்டிப் பிரிக்கிற மிஷினில் தட்டுத் தட்டாகச் சல்லடை இருக்கும். பத்தாம் நம்பர் வலை, பதினாறு, முப்பது, அறுபது என்று போகும். நம்பர் ஏற ஏற வலையின் கண் சிறுத்துக்கொண்டே வரும். மாரீஸ்வரி நம்பரைத் தேடிப் பார்ப்பதில்லை. கட்டைவிரலால் வலையை ஒரு இழுப்பு இழுப்பாள், இன்ன நம்பர் என்று சொல்லிவிடுவாள். ஷிஃப்ட் முடிந்ததும் அத்தனை சல்லடையையும் தட்டித் துடைத்து வைப்பதும் அவள் பொறுப்புத்தான். ஒரு நாள் விட்டால்கூட மறுநாள் மிஷின் திணறும், சூப்பர்வைசர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

அவள் எஞ்சினுக்குள் கையை விட்டது அவள் புருஷன் ஈஸ்வரனின் வண்டியால்தான். ஈஸ்வரன் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன். வீட்டில் ஒரு பழைய நூறு சிசி மோட்டார் சைக்கிள் கிடந்தது. புது ஆயில் ஊற்றினால் பத்தே நாளில் தார் மாதிரி கறுத்துவிடும், ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கும். ரோட்டு முக்கிலிருந்த சகாயத்தின் ஒர்க் ஷாப்புக்கு அவளே ஓட்டிக்கொண்டு போய், இதில் ஃபில்டர் எங்கே இருக்கிறது, அதை எப்போது கழுவுவீர்கள் என்று கேட்டாள். சகாயம் இருபத்தைந்து வருஷமாக வண்டி பார்க்கிறவர், கெட்டிக்காரர்தான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் அன்றைக்கு அவருக்கு என்ன அவசரமோ, இந்தச் சின்ன எஞ்சினுக்கு ஃபில்டரே கிடையாது, ஆயிலை மாற்றினால் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மாரீஸ்வரி வீட்டுக்கு வந்து, எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் கோணியை விரித்து, ஆயிலை வடித்துவிட்டு, வலது பக்க மூடியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். உள்ளே சோற்றுக் கிண்ணத்தில் பாதி அளவுக்கு ஒரு வட்டமான கப்பு. எஞ்சின் ஓடும்போது அது கூடவே சுழன்று, ஆயிலில் உள்ள அழுக்கையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளிப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைத் திறந்தால் கேப்பைக் களி கெட்டியில் கறுப்பாக அப்பிக் கிடந்தது. அதற்குக் கீழே ஒரு காடியில் செருகினபடி தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு சல்லடை, கண் தெரியாமல் அடைத்துப் போய்.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சல்லடை வைத்த மிஷினை வருஷக்கணக்காகத் துடைக்காமல் ஓட்டியிருக்கிறார்களே, இவர்களெல்லாம் மனுஷர்கள்தானா? ஃபில்டர் இல்லையாம், ஃபில்டர்! மூடியைத் திறந்தால் ஆயில் கசியாமல் அடியில் வைத்த ஜாயின்ட் பேப்பர் கிழியும், புதிதாக வெட்ட வேண்டும், அரை நாள் வேலை. அதற்குச் சோம்பல் பட்டுக்கொண்டு ஒரு உறுப்பையே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்குக் கழுவி மாட்டிய வண்டி ஒரு மாதம் கழித்தும் ஏற்றத்தில் முனகவில்லை. அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார், அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு ஃபேக்டரியில் புது மிஷின் வந்து சலிக்கும் ரூமில் ஆளைக் குறைத்தபோது, மற்றப் பெண்களெல்லாம் கொழுந்து எடுக்கப் போனார்கள். இவள் ஷெட் கேட்டுச் சங்கத்துக்குப் போனாள்.

அவள் வேலை செய்கிற விதமே தனி. எஞ்சினைச் சூடாக்கித்தான் ஆயிலை வடிப்பாள். கப்பை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் சுரண்டுவாள், இரும்பு படக் கூடாது. பஞ்சு வேஸ்ட்டால் துடைக்கவே மாட்டாள், ஒரு நூல் உள்ளே போனால் ஆயில் போகிற ஓட்டை அடைத்துக்கொள்ளும். மூடிக்குப் பசையை அள்ளிப் பூசுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு எரிச்சல். பிதுங்கி உள்ளே விழுகிற பசை நேராகச் சல்லடையில் போய்த்தான் உட்காரும். கொஞ்சமாகக் கிரீஸ் தடவி, தானே வெட்டின பேப்பரை வைத்து மூடுவாள். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த எண்ணெய்ப் பிழைப்பு என்று கேட்டவர்கள்தான், சகாயம் மூணாறுக்குச் சாமான் வாங்கப் போகிற செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வெட்கங்கெட்ட ஜனம். மாரீஸ்வரி அதையும் முகத்துக்கு நேராகவே சொல்லுவாள்.

சில வண்டிகளில் சல்லடை கிழிந்திருக்கும். எவனோ ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பியிருப்பான். புதுச் சல்லடைக்குத் தேனியிலிருந்து ஆள் வர வேண்டும், ஒரு வாரமாகும். அதற்கு மாரீஸ்வரி ஒரு வழி கண்டிருந்தாள். ஃபேக்டரியில் கழித்துப் போடும் பித்தளை வலையை, சலிக்கும் ரூமில் அவளோடு வேலை பார்த்த செபமாலையம்மாள் வாசல் கேட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கி வருவாள். அதில் முப்பதாம் நம்பர் வலையை அளவாக வெட்டி, பழைய சட்டத்தில் ஈயம் வைத்து ஒட்டினால் அளவெடுத்தது போல உட்காரும். இந்த வேலை உலகத்தில் வேறு யாருக்குத் தோன்றியிருக்கும்?

ஐப்பசியில் முப்பதாம் நம்பர் தீர்ந்துபோயிற்று. செபமாலையம்மாள் கொண்டுவந்த கட்டில் அறுபதுதான் இருந்தது. மாரீஸ்வரி அதைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். ஃபேக்டரியில் அறுபதாம் நம்பர் தட்டில் நிதானமான ஆளைத்தான் விடுவார்கள், பொடியிலும் பொடியைப் பிடிக்கிற வலை அது. முப்பதே இவ்வளவு அழுக்கைப் பிடித்தால் அறுபது எவ்வளவு பிடிக்கும் என்று நினைத்தாள். அந்த வாரம் வந்த மூன்று வண்டிக்கு அதையே வைத்தாள். ஒன்று பால்கார பிச்சைமணியின் வண்டி.

பிச்சைமணி ஐம்பது வயது கடந்தவர். எஸ்டேட்டின் கீழ் டிவிஷன் லயங்களில் மாடு வைத்திருப்பவர்களிடம் பால் கறந்ததும் வாங்கி, இரண்டு பெரிய கேனில் நிரப்பி, விடியற்காலையில் வண்டியின் இரு பக்கமும் கட்டிக்கொண்டு பால் சொசைட்டிக்கு ஏறுவார். பாரம் இழுக்கிற வண்டி ஆயிற்றே என்று மாரீஸ்வரி அவருடையதை மற்ற எல்லாவற்றையும்விடப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் வண்டி நன்றாகத்தான் ஓடியது.

மார்கழி பிறந்ததும் குளிர் இறங்கியது. புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்த ஒரு காலையில், பாலோடு ஏற்றத்தில் பாதி தூரம் போனவரின் எஞ்சின் ஒரு கீச்சலோடு இறுகி நின்றுவிட்டது. பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சாய்ந்தது. பிச்சைமணிக்கு முழங்கால் சிராய்த்ததோடு போயிற்று. இரண்டு கேன் பாலும் ரோட்டில் ஓடியது. இருபது வீட்டுப் பால்.

அவர் மாரீஸ்வரியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர் சொல்லியது. முக்கு டீக்கடையில் அன்று முழுக்க இதே பேச்சு. எஞ்சினைத் திறக்காதே என்று அப்போதே சொன்னோமே என்று சங்கத்தில் நாலு பேர் குதித்தார்கள், அதில் இரண்டு பேர் செவ்வாய்க்கிழமை ஆட்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு எல்லோரும் ஷெட்டுக்கு வர வேண்டும், வண்டியை நடுவில் வைத்துப் பிரித்துப் பார்ப்போம், தப்பு மாரீஸ்வரியுடையது என்றால் அவள் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று சகாயம் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஈஸ்வரன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். சகாயம் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாராம். மாரீஸ்வரி சபையில் வந்து, எனக்கு விவரம் தெரியாது, தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். பெண்பிள்ளை என்று மன்னித்துவிடுவார்களாம். ஷெட்டைக்கூட விட வேண்டாம், டூரிஸ்ட்காரர்களுக்கு கேரட்டும் சோளமும் விற்றுக்கொள்ளலாமாம். நல்ல ஏற்பாடுதானே என்றான் ஈஸ்வரன்.

மாரீஸ்வரி அடுப்பிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கு விவரம் தெரியும். அதை மட்டும் இல்லைன்னு சொல்ல மாட்டேன். நீங்க வேணா கேரட் வித்துக்கங்க" என்றாள்.

ஞாயிறு காலை ஷெட்டு முன்னால் முப்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். வாயைத் திறந்தால் புகையாய் வருகிற குளிர். மாரீஸ்வரி முதல் நாளே வண்டியைத் தொடாமல் பூட்டி வைத்திருந்தாள், பிறகு எவனும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. எல்லார் கண்ணுக்கும் முன்னால் மேல் மூடியைத் திறந்தாள். உள்ளே இரும்பு உராய்ந்து நீலம் பாரித்துப் போயிருந்தது. மேலே ஆயிலே ஏறவில்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. சகாயம் கைகளைக் கட்டிக்கொண்டு, கீழே ஓட்டையில் பஞ்சு அடைத்திருக்கும், கழுவத் தெரியாமல் கழுவினால் இப்படித்தான் என்றார்.

மாரீஸ்வரி வலது மூடியைக் கழற்றினாள். கப்பு சுத்தமாக இருந்தது. ஆயில் ஓட்டையில் அவரையே வாயை வைத்து ஊதச் சொன்னாள். ஊதினார், காற்று தாராளமாகப் போயிற்று. பசை ஒரு துளி கிடையாது. கடைசியாகச் சல்லடையைக் காடியிலிருந்து உருவி அவர் கையில் கொடுத்தாள். சகாயம் அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். தேய்த்த குத்துவிளக்கு மாதிரி மின்னியது, ஒரு தூசி அடைப்பு இல்லை.

கூட்டத்தின் பேச்சு சட்டென்று மாறிவிட்டது. சல்லடை சுத்தமாக இருக்கிறதே, இவள் மேல் என்ன தப்பு என்று செவ்வாய்க்கிழமை ஆட்களே சொன்னார்கள். சகாயத்துக்குச் சங்கடந்தான், ஆனாலும் கண்ணால் பார்த்ததை மறைக்கிறவர் இல்லை அவர். பழைய வண்டி, பம்பு தேய்ந்து ஆயிலை இழுக்காமல் விட்டிருக்கும், மாரீஸ்வரி கழுவினதில் குறை இல்லை என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். சாவி உன்னிடமே இருக்கட்டும் என்றும் சொல்லி, சல்லடையை அவளிடம் நீட்டினார். ஈஸ்வரன் பெருமூச்சு விட்டது நாலடி தள்ளிக் கேட்டது.

மாரீஸ்வரி சல்லடையை வாங்கினாள். கட்டைவிரல் தானாகவே வலைமேல் போயிற்று. அறுபது.

இத்தனை குளிரில் ஆயில் தேன் மாதிரி கெட்டிப்பட்டிருக்கும். முப்பதின் கண்ணில் அது இறங்கும். அறுபதில்? அங்கே நின்ற முப்பது பேரில் ஒருவருக்கும் அந்த வலையின் நம்பர் தெரியாது. சகாயமே கையில் வைத்துப் பார்த்தும் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், ஷெட்டும் அவளுடையது, பேரும் அவளுடையது. ஆனால் இதே வலை இன்னும் இரண்டு வண்டிக்குள் இருக்கிறது, அந்த இரண்டும் நாளைக் காலையும் ஏற்றம் ஏறும்.

அவள் உள்ளே போய், வெட்டி மிஞ்சின முப்பதாம் நம்பர் பழைய துண்டு ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள். வெளியில் பனியில் நின்ற ஆயில் டப்பாவைத் திறந்து, முதலில் முப்பதின்மேல் ஊற்றினாள். மெல்ல இறங்கியது. பிறகு பிச்சைமணியின் சல்லடைமேல் ஊற்றினாள். ஆயில் அங்கேயே குளமாய் நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒரு சொட்டு விழ அத்தனை நேரம் ஆயிற்று.

"பம்பு மேல தப்பு இல்லைண்ணே" என்றாள் சகாயத்திடம். "வலை ரொம்பப் பொடிசு. இந்தக் குளிருக்கு ஆயில் இறங்கல. வச்சது நாந்தான்."

சகாயத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் முகம் கடுமையாகவில்லை, அதுதான் கொடுமை. இளகிவிட்டது. பாவம், ஒத்துக்கொண்டாளே என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். பெண்பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டாள், சாவியை மட்டும் கொடுத்துவிடட்டும், இதோடு விட்டுவிடுவோம் என்றார். பிச்சைமணியும் தரையைப் பார்த்துக்கொண்டு, போகட்டும் தாயி, விடு என்றார். நாலு பேர் உச்சுக்கொட்டினார்கள். ஐந்து வருஷத்தில் ஊர் அவளிடம் இத்தனை அன்பாக இருந்ததே இல்லை.

மாரீஸ்வரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இந்த உச்சுக்கொட்டலைத் தாங்க முடியவில்லை.

"சகாயம் அண்ணே, போன வருஷம் நீங்க மாட்டுன செயின் அறுந்து ஒருத்தருக்குக் கை ஒடிஞ்சுச்சு. அன்னைக்கு உங்ககிட்ட யாரும் சாவி கேக்கல. ஆம்பள, தெரியாம செஞ்சுட்டாருன்னும் சொல்லல. நல்லாத் திட்டுனாக, நீங்க கேட்டுக்கிட்டு நின்னீக, திரும்ப மாட்டிக் குடுத்தீக. எனக்கும் அதையே செய்யுங்க. நான் தெரியாம செய்யல. தெரிஞ்சு, யோசிச்சு, தப்பா செஞ்சேன். சாவி தர மாட்டேன்."

சகாயத்தின் காது சிவந்துவிட்டது. மூடி கழுவுகிறவள் பிஸ்டன் இறக்கிவிடுவாளா, இந்த எஞ்சினை யார் உயிர்ப்பிப்பது என்று கேட்டார்.

"நாந்தான். சிலிண்டரை அடிமாலி லேத்துக்கு நானே கொண்டு போயி, உள்பக்கம் கடைஞ்சு போர் அடிச்சு வாரேன். சாமான் என் செலவு. தெரியாத இடத்துல உங்ககிட்ட வந்து கேப்பேன். கேக்க எனக்கு வெக்கம் இல்ல, சொல்லித் தர உங்களுக்கு வெக்கமா இருந்தா அதை இப்பவே சொல்லிருங்க."

அவர் பதிலுக்குக் காத்திராமல் மாரீஸ்வரி செல்போனை எடுத்து, அறுபது வைத்த இன்னொரு வண்டியின் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு வரச் சொன்னாள். என் தப்பு, சல்லடையை மாற்ற வேண்டும் என்று காரணத்தையும் மறைக்காமல் சொன்னாள். மூன்றாவது வண்டிக்காரருக்குப் போன் போட்டபோதுதான் சகாயத்தின் முகம் மாறியது, ஏனென்றால் அவள் கூப்பிட்டது அவருடைய சொந்த மருமகனின் பேரை. கூட்டத்தில் எவனோ பொத்திக்கொண்டு சிரித்தான்.

பிறகு அவள் பிச்சைமணியின் பக்கம் திரும்பினாள். "பால் போச்சு, முட்டி போச்சு, வண்டி போச்சு. போகட்டும் தாயின்னா எப்படிண்ணே? சகாயம் அண்ணன் செஞ்சிருந்தா என்ன சொல்லிருப்பீகளோ அதை எனக்குச் சொல்லுங்க."

பிச்சைமணி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்தது அவர் தொண்டையில் ஏறி வந்தது. ஆரம்பிக்க மட்டும் கொஞ்சம் தயங்கினார், அவ்வளவுதான். பிறகு விட்டார் பாருங்கள் ஒரு பிடி! கண்ணை எங்கே வைத்துக்கொண்டு வலையை வெட்டினாய், இருபது வீட்டில் போய் நான் எந்த முகத்தோடு நின்றேன் தெரியுமா, பாரம் இழுக்கிற வண்டிக்குச் சோதனை பார்க்காமல் சாமான் மாட்டலாமா, இன்னும் நூறு அடி ஏறியிருந்தால் பள்ளத்தில் கிடந்திருப்பேனே என்று முக்கே அதிரக் கத்தினார். இடையில் இரண்டு கெட்ட வார்த்தையும் வந்தது. ஈஸ்வரன் குறுக்கே போகப் பார்த்தான். மாரீஸ்வரி கையால் அவனைத் தடுத்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டு, நிமிர்ந்தபடி நின்றாள். அழுகை வரவில்லை. நெஞ்சு நிறைந்தாற்போல்தான் இருந்தது.

கத்தி ஓய்ந்ததும் அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, வண்டி எப்போது கிடைக்கும் என்று கேட்டார். அடுத்த ஞாயிறு என்றாள். சனிக்கிழமை தர முடியாதா என்று அதட்டினார். முடியாது, சனிக்கிழமை விடியற்காலைப் பனியில் இரண்டு கேன் தண்ணீரைக் கட்டி அதே ஏற்றத்தில் நானே ஓட்டிப் பார்த்த பிறகுதான் தருவேன் என்றாள் அவள். பிச்சைமணி சகாயத்தைப் பார்த்து, சாவி அவகிட்டயே கிடக்கட்டும், இல்லைன்னா என் வண்டிய நான் எந்தப் பூட்டுக்குள்ள போயித் தேட என்றார்.

சகாயம் பதில் சொல்ல வாயெடுத்த நேரம், ரோட்டு வளைவில் அவர் மருமகன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். மாமனாரைக் கண்டதும் ஒரு கணம் திகைத்து நின்றான். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசித்திருப்பான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, முப்பது பேர் நடுவில், அவர் காலுக்குப் பக்கத்திலேயே வண்டியை ஷெட்டுக்குள் தள்ளினான்.

மாரீஸ்வரி ஸ்பேனரைக் கையில் எடுத்தாள்.

"வரிசையில விடுங்க தம்பி" என்றாள். "முதல்ல பிச்சைமணி அண்ணன் வண்டி."